குழந்தை பாக்கியத்துக்காக

எங்கள் சபையின் மிஷனரிப் பண்டிகை மலருக்கு நான் ஒரு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். புதுச் செயலாளர் ஜெபசிங் போன வாரம் ராஜபாளையத்திலிருந்து பைக்கில் வந்தார். முப்பத்தைந்து வயசு இருக்கும், நல்ல பிள்ளை. ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் என் வீட்டைக் கண்டுபிடித்து வந்து உட்கார்ந்தவர், கொடுத்த காபி ஆறுகிற வரைக்கும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்கும்போதுதான் விஷயத்தைச் சொன்னார்.

“அங்கிள், நீங்க முப்பத்தோரு வருசம் சபை ஆபீஸ்ல கிளார்க்கா இருந்திருக்கீங்க. லில்லி ஆன்ட்டி சாட்சி இருக்குல்லா? ரெண்டு வருசம் நம்ம சபை ஜெபிச்சு அவங்களுக்குக் குழந்தை கெடச்சதே, அதை எழுதிக் குடுங்க. ஷார்ட்டாப் போதும்.”

ஷார்ட்டாப் போதும்! இந்த வார்த்தையைக் கேட்டால் எனக்கு உச்சந்தலையில் சுரீர் என்கிறது. முப்பத்தோரு வருசமும் இதைத்தானே கேட்டேன். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகும் தேடி வந்து சொல்கிறார்கள்.

அந்தச் சாட்சி ஏற்கெனவே மூன்று மலர்களில் வந்துவிட்டது. மூன்றிலும் பொய். வேண்டுமென்று சொன்ன பொய் இல்லை. ஆனால் தெரிந்த பிறகும் யாரும் திருத்தவில்லை. அதனால் அது பொய்தான். அதில் முதல் பங்கு என்னுடையது. அதைத்தான் எழுதப் போகிறேன். ஜெபசிங்குக்குப் பிடிக்காவிட்டால் அவர் பாடு.

நான் டைப்ரைட்டிங் லோயர் முடித்துவிட்டு, மில் வேலை கிடைக்காமல், ராஜபாளையம் சபை ஆபீஸில் சேர்ந்தபோது எனக்கு வயது இருபத்திரண்டு. ஞானஸ்நானப் பதிவு, கல்யாண ஓலை, கல்லறைத் தோட்டத்துக்கு அனுமதிச் சீட்டு என்று முதல் ஆறேழு வருசம் போனதே தெரியவில்லை. அதில் சொல்ல ஒன்றும் இல்லை. என்னைக் கிளார்க்காக ஆக்கியது மிஷனரிப் பண்டிகைதான். என்னைத் தலைகுனிய வைத்ததும் அதுதான்.

வருசா வருசம் ஆகஸ்ட் மாதத்தில் ஒரு ஞாயிறு. மேற்கு மலையிலிருந்து ஆடிக்காற்று இன்னும் ஓயாமல் அடித்துக்கொண்டிருக்கும். சபைக் கோவில் வளாகத்தில் போட்ட பந்தல் துணி படபடவென்று அடிக்கிற சத்தத்தில் பிரசங்கம் பாதி கேட்காது. வத்திராயிருப்பிலிருந்து பாட்டுக்குழு வரும், மம்சாபுரத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஜனம் வரும். வடக்கே மலைக்காடுகளில் எங்கள் சபை தாங்குகிற ஒன்பது மிஷனரிக் குடும்பங்கள் இருந்தன. அவர்களில் யார் விடுப்பில் வந்திருந்தாலும் முன்வரிசையில் உட்காரவைப்போம். மதியம் எல்லோருக்கும் சாப்பாடு. சாப்பாட்டுக்கு முன்னால் நடக்கிற காரியம்தான் முக்கியம். ஒன்பது குடும்பங்களுக்காகவும் ஒவ்வொரு வரி வாசித்து, சபை முழுவதும் எழுந்து நின்று ஜெபிக்கும். அந்த ஒன்பது வரிகளுக்குப் பேர் ஜெபக்குறிப்பு. அதை எழுதுகிறவன் நான்.

எழுதுகிறவன் என்றால் என்ன, பார்த்து எழுதுகிறவன். அப்போது மிஷனரிக் கமிட்டிச் செயலாளராக இருந்தவர் ஞானசிகாமணி சார். ஹெட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நாணயமான மனுஷர், நேரம் தவறாதவர். அவர் ஆபீஸுக்குள் நுழைந்தால் மின்விசிறிகூடச் சத்தமில்லாமல் சுற்றும். ஜூலை மாதம் மிஷனரிகளிடமிருந்து கடிதங்கள் வரும். எல்லாவற்றையும் அவரே பிரித்து வாசிப்பார். காதில் செருகியிருக்கும் சிவப்புப் பென்சிலை எடுத்து, ஒரு கடிதத்துக்கு ஒரே ஒரு வரியின் அடியில் கோடு போடுவார். அந்த வரி மட்டும் மேலே தெரியும்படி கடிதத்தை மடிப்பார். மடித்த இடத்தில் ஒரு குண்டூசி குத்துவார். அந்த நிலையில்தான் அது என் மேஜைக்கு வரும்.

குண்டூசியைக் கழற்றக் கூடாது. அது சட்டம். அந்த வேலை கைக்கு வந்த புதிதில் ஒரு தடவை ஆசைப்பட்டுக் கழற்றிவிட்டேன்.

“கிளார்க்கு, என்ன செய்தீரு?”

“கொஞ்சம் விவரம் பாக்கலாம்னு சார்.”

“விவரம் ஆண்டவருக்குத் தெரியும். நமக்கு வரி போதும். சுருக்கம் வேய், சுருக்கம்.”

இன்னொரு சட்டமும் இருந்தது. சரீர சமாச்சாரம் எதுவும் சபை நடுவே வாசிக்கப்படக் கூடாது. ஒரு மிஷனரி பாவம், மூலத்தால் உட்காரக்கூட முடியவில்லை என்று எழுதியிருந்தார். “சரீர பலவீனம்” என்று போடச் சொன்னார். இன்னொருத்தருக்கு வயிற்றுப்போக்கு. அதுவும் சரீர பலவீனம். ஒருத்தர் மரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து கிடந்தார். அவருக்கும் அதேதான். சில வருசம் ஒன்பது வரியில் ஐந்து வரி சரீர பலவீனமாக இருக்கும். சபை ஜனம் யாருக்கு எது என்று தெரியாமலே உருகி உருகி ஜெபித்துவிட்டுச் சாப்பிடப் போகும்.

பதில் எழுதுவதற்கும் ஒரு முறை வைத்திருந்தார். அச்சடித்த கார்டு. “தங்கள் கடிதம் கிடைத்தது. தங்கள் விண்ணப்பத்துக்காகச் சபையார் ஊக்கமாய் ஜெபித்துவருகிறோம்.” மேலே பெயரை மட்டும் நான் எழுதி, பெட்டியில் போட்டுவிட வேண்டும். எம்புட்டு வசதி பாருங்கள்.

லில்லி புஷ்பம் மம்சாபுரத்துப் பெண். நர்ஸ் படித்துவிட்டு, ஒரு வாத்தியாரைக் கட்டிக்கொண்டு, இரண்டு பேருமாக ஒடிசாப் பக்கம் ஒரு மலைக்கிராமத்துக்கு மிஷனரியாகப் போனார்கள். கல்யாணமாகி ஆறு வருசம், பிள்ளை கிடையாது. அது சபைக்கே தெரியும். மம்சாபுரம் வேனில் வருகிற பெண்கள் வருசம் தவறாமல் என்னிடம் விசாரிப்பார்கள், “லில்லிக்கு விசேஷம் உண்டா அண்ணாச்சி?” என்று.

ஒரு ஜூலையில் லில்லியின் கடிதம் மேஜைக்கு வந்தது. குண்டூசி குத்தியிருந்தது. சிவப்புக் கோடு போட்ட வரி இது: “குழந்தை பாக்கியத்துக்காக விசேஷமாய் ஜெபித்துக்கொள்ளுங்கள்.”

எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. சாருக்கும் வரவில்லை. ஏன் வரப்போகிறது? சாருக்குத் தெரிந்தது, எனக்குத் தெரிந்தது, மம்சாபுரம் வேனுக்கே தெரிந்தது. நான் ஸ்டென்சில் தாளில் அழுத்தி எழுதினேன்: “ஏழு. சகோதரி லில்லி புஷ்பம் அவர்களுக்குக் குழந்தை பாக்கியம் உண்டாக.” அந்த “உண்டாக” கடிதத்தில் இல்லை. அது நான் சேர்த்தது. என் முப்பத்தோரு வருச வேலையில் நானாகச் சேர்த்த ஒரே சொல் அதுவாகத்தான் இருக்கும். வரி அழகாக முடியட்டுமே என்று சேர்த்தேன்.

பண்டிகையில் ஏழாவது வரி வாசித்ததும் பெண்கள் பக்கத்திலிருந்து வந்த அழுகையை இன்றைக்கும் மறக்கவில்லை. லில்லிக்கு அச்சடித்த கார்டு போயிற்று.

அடுத்த வருசம் லில்லியிடமிருந்து ஒரு போஸ்ட் கார்டுதான் வந்தது. “போன கடிதத்தில் எழுதிய காரியத்தைத் தயவுசெய்து மறந்துவிடாதிருங்கள். காலம் போய்க்கொண்டிருக்கிறது.” சார் படித்துவிட்டு உச்சுக்கொட்டினார். “பாவம், வயசு போகுதுல்லா,” என்றார். போன வருச வரியே மறுபடியும் ஏறியது. மறுபடியும் அழுகை. மறுபடியும் கார்டு.

மூன்றாம் வருசம் லில்லி நேரிலேயே வந்தாள். பண்டிகை அன்று காலை ஒன்பது மணிக்குப் புருஷனோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். மடியில் ஒரு பெண்குழந்தை, இரண்டரை வயசு இருக்கும். நான் மைக் வயரைச் சரிபார்த்துக்கொண்டு தூரத்தில் நின்றேன். தத்தெடுத்திருப்பார்கள் போல என்று நினைத்தேன். அப்போதுகூட என் மரமண்டைக்கு உறைக்கவில்லை. பழைய ஏழாவது வரியோடு தாள் போன வாரமே ஸ்டென்சிலில் ஓடி முடிந்து, எல்லோர் கையிலும் இருந்ததே.

ஞானசிகாமணி சார் மேடையேறி வாசித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. ஏழுக்கு வந்தார்.

“சகோதரி லில்லி புஷ்பம் அவர்களுக்குக் குழந்தை பாக்கியம்…”

குழந்தை எழுந்துவிட்டது.

அம்மா மடியிலிருந்து வழுக்கி இறங்கி, மேடையைப் பார்த்து நடந்தது. நடந்தது என்று எப்படிச் சொல்ல? இரண்டு பாதமும் உள்பக்கமாகத் திரும்பியிருந்தன. உள்ளங்கால் தரையில் படவில்லை. பாதத்தின் வெளி விளிம்பில், ஒவ்வொரு அடிக்கும் உடம்பு முழுவதும் சாய்ந்து சாய்ந்து போனது. பஸ்ஸில் வரும்போது லில்லி சொல்லிக் கூட்டிவந்திருக்கிறாள், “மேடையில ஒம் பேரச் சொல்லி ஒனக்காக ஜெபம் பண்ணுவாவ” என்று. குழந்தை பேரைக் கேட்டது, போனது. அதன் பேர் பாக்கியம்.

சார் மேடையிலிருந்து லில்லியைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார். அவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. தாளைக் கீழே வைத்துவிட்டு மைக்கைப் பிடித்தார்.

“சபையாரே! இது நம்ம ஜெபத்துக்குப் பதில்! கர்த்தர் குழந்தை பாக்கியத்தைக் கொடுத்துட்டார்!”

பந்தலே எழுந்து கை தட்டியது. தோத்திரம், தோத்திரம் என்று ஒரே சத்தம். மம்சாபுரத்துப் பெண்கள் ஓடிவந்து லில்லியைக் கட்டிக்கொண்டார்கள். கைதட்டலுக்கு நடுவே அந்தக் குழந்தை சாய்ந்து சாய்ந்து மேடைப் படி வரைக்கும் போய், ஏற முடியாமல் நின்று, திரும்பி எல்லோரையும் பார்த்துச் சிரித்தது. ஒருத்தர் கண்ணிலும் அந்தக் கால் படவில்லையா? பட்டிருக்கும். சாட்சி கிடைத்த சந்தோஷத்தில் கால் யாருக்கு வேண்டும்!

சாப்பாட்டுக்குப் போகிற வழியில், புங்கை மரத்தடியில் லில்லி என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணாச்சி, டாக்டர் கெடச்சாரா?”

“எந்த டாக்டர்மா?”

“என்ன இப்படிக் கேக்கிய? லெட்டர்ல எழுதியிருந்தேன்லா. ஜெபிக்கோம், ஜெபிக்கோம்னு கார்டு வந்திச்சே. பாத்துக்கிட்டு இருக்காவன்னுதானே நான் இருந்தேன்.”

“செத்த நேரம் இரும்மா,” என்று சொல்லிவிட்டு ஆபீஸுக்கு ஓடினேன். கோப்பில் அந்தக் கடிதம் மடித்தபடியே இருந்தது. குண்டூசி துருப்பிடித்துத் தாளோடு ஒட்டியிருந்தது. பிடுங்கியபோது தாள் கிழிந்தது.

கடிதத்தின் முதல் பாதியில் பள்ளிக்கூடம், மழை, அங்குள்ள ஜனங்கள். பின்பாதி முழுவதும் குழந்தைதான். பிரசவத்தில் தாய் இறந்துபோன குழந்தையை லில்லி எடுத்து வளர்க்கிறாள். பாக்கியம் என்று பேர் வைத்திருக்கிறார்கள். நாலு மாதம் ஆகிறது. பிறவியிலேயே இரண்டு காலும் திரும்பியிருக்கின்றன. இந்த வயதில் வாரா வாரம் மாவுக்கட்டு மாற்றிப் போட்டால் நேராகிவிடும், அங்கே அதற்கு வழியில்லை. ஒரு தடவை போட்ட கட்டும் மழையில் ஊறிப் போய்விட்டது. “மதுரைப் பக்கம் நல்ல எலும்பு டாக்டர் யார் என்று விசாரித்து எழுதுங்கள். மூன்று மாதம் தங்க ஒரு அறை பார்த்துத் தாருங்கள். சபையிலிருந்து ஒரு கடிதம் வந்தால் எனக்கு முன்கூட்டியே விடுப்புக் கொடுப்பார்கள். தாமதித்தால் கால் இறுகிவிடும். குழந்தை பாக்கியத்துக்காக விசேஷமாய் ஜெபித்துக்கொள்ளுங்கள்.”

ஒரு டாக்டர் பேர், ஒரு அறை, ஒரு கடிதம். மூன்றையும் எங்கள் சபை ஒரு வாரத்தில் செய்திருக்கும். மதுரை ஆஸ்பத்திரிகளில் வேலை பார்க்கிற நர்ஸுகள் மட்டும் எங்கள் சபையில் எத்தனை பேர்! அறை என்ன, வீட்டையே கொடுக்க ஆள் உண்டு. கேட்டால்தானே கொடுப்பார்கள்? அவர்களிடம் கேட்கவே இல்லை. ஆண்டவரிடம் மட்டும் கேட்டோம். அதையும் தப்பாகக் கேட்டோம்.

கடிதத்தோடு திரும்பி வந்தபோது லில்லி பந்தியில் உட்கார்ந்திருந்தாள். என் முகத்தைப் பார்த்தே லில்லிக்குப் பாதி புரிந்துவிட்டது.

“படிக்கல லில்லி,” என்றேன்.

“என்னத்தப் படிக்கல?”

“கடைசி வரிய மட்டுந்தான் படிச்சேன். நீ ஒனக்குப் பிள்ளை வரம் கேக்கன்னு நெனச்சுட்டோம்.”

குழந்தைக்கு ஊட்டிக்கொண்டிருந்த சோற்றை இலையிலேயே வைத்தாள்.

“ரெண்டு வருசமா எனக்குப் பிள்ளையா கேட்டிய? நான் கேக்கவே இல்லையே அண்ணாச்சி. எனக்குத்தான் இவ இருக்காளே.”

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை.

நான் நேராகச் சாரிடம் போனேன். “சார், அது பேரு சார்.”

“எது?”

“பாக்கியம். அந்தப் பிள்ளையோட பேரு. லெட்டர முழுசா வாசிங்க.”

வாசித்தார். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் விரலை வைத்து வாசித்தார். அவர் முதலிலும் வாசித்தவர்தானே, கோடு போட்டவரே அவர்தானே என்று கேட்க வாய் வரை வந்தது. ஒரு மாலையில் நாற்பது பக்கம் வாசித்து, சுருக்க வரி தேடுகிற கண்ணுக்கு அதுதான் தெரிந்திருக்கிறது.

“சாயங்காலக் கூட்டத்துல சொல்லிருவோம் சார்,” என்றேன்.

அவர் பென்சிலை உருட்டிக்கொண்டே இருந்தார். “சபை இம்புட்டுச் சந்தோசமா இருக்கு. இப்பப் போயி இது இல்லன்னு சொன்னா அவிய விசுவாசம் என்னத்துக்கு ஆகும்?”

“அந்தப் பிள்ளை காலு என்னத்துக்கு ஆகும் சார்?”

அவரிடம் நான் குரல் உயர்த்தியது அந்த ஒரு தடவைதான். உட்கார்ந்து தன் கையாலேயே லில்லியின் விடுப்புக்கு ஒரு கடிதம் எழுதினார். இரண்டு பக்கமும் நிறைய எழுதினார். சுருக்கவில்லை. “கால்” என்று அதில் நாலைந்து இடத்தில் இருந்தது. ஆனால் அந்த வருச அறிக்கையில் “ஜெபம் கேட்கப்பட்டது, குழந்தை பாக்கியம் கிடைத்தது” என்றுதான் வந்தது. அவர் சாகிற வரைக்கும் அதைத் திருத்தவில்லை. நானும் அவர் கீழே வேலை பார்க்கிறவன்தானே என்று வாயை மூடிக்கொண்டேன். அவர் போன பிறகும் மூடிக்கொண்டுதான் இருந்தேன். அதற்கு என்ன சாக்கு சொல்ல?

மதுரைக்கு லில்லியோடு நானும் போனேன். டாக்டர் குழந்தையின் பாதத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். “பிறந்த உடனே கொண்டுவந்திருந்தா மாவுக்கட்டுலயே நேராக்கியிருக்கலாமேம்மா. நீங்க நர்ஸுன்னு வேற சொல்றீங்க!” என்றார். லில்லி தலையைக் குனிந்துகொண்டாள். என்னால் பொறுக்க முடியவில்லை.

“அவ மேல தப்பு இல்ல டாக்டர். அவ நாலு மாசத்துலயே எழுதிட்டா. நாங்கதான் படிக்கல.”

ஆபரேஷன் நடந்தது. வலது பாதம் ஓரளவு நேரானது. இடது பாதம் முழுசாக வரவில்லை. நாலு மாதம் லில்லியும் குழந்தையும் எங்கள் வீட்டில்தான் இருந்தார்கள். கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்த அன்று, என் மனைவி சரோஜா குழந்தையைக் கூடத்தில் நிறுத்திவிட்டுக் கையை எடுத்தாள். குழந்தை சுவரைப் பிடிக்காமல் ஐந்தாறு அடி வைத்து என்னிடம் வந்தது. வந்து நின்று என் முகத்தையே பார்த்தது. பிறகு கேட்டது.

“மாமா, கை தட்டல?”

அது நடந்தால் எல்லோரும் கை தட்டுவார்கள் என்று நினைத்துவிட்டது. நான் கை தட்டினேன். தட்டிவிட்டுப் பின்கட்டுக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

இப்போது ஸ்டென்சில் இல்லை, குண்டூசி இல்லை. மிஷனரிகள் வாட்ஸ்அப்பில் ஐந்து நிமிஷம் பேசி அனுப்புகிறார்கள். ஜெபசிங் அதை ஒரு வரியாக்கி, பக்கத்தில் கைகூப்பிய படம் மூன்று போடுகிறார். வரிசையாக ஆமென், ஆமென் என்று விழுகிறது. “முழுசாக் கேப்பீங்களா தம்பி?” என்று கேட்டேன். “டூ எக்ஸ்ல வச்சுக் கேட்டுருவேன் அங்கிள்,” என்றார். இரட்டை வேகமாம். ஞானசிகாமணி சார் இருந்திருந்தால் இவரைத் தத்தெடுத்திருப்பார்.

லில்லி போய்ச் சேர்ந்து நாலு வருசம் ஆகிறது. பாக்கியம் அதே மலையில் பெண்பிள்ளைகள் விடுதியில் வார்டனாக இருக்கிறாள். இன்னும் சாய்ந்துதான் நடக்கிறாள். அவள் கதையை அவளைக் கேட்காமல் எழுதக் கூடாது என்று நேற்று போன் போட்டேன். எழுதின வரைக்கும் வாசித்துக் காட்டினேன். ஒரு தடவைகூடக் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

“சரியா இருக்கா தாயி?” என்றேன்.

“சரியாத்தான் இருக்கு மாமா. அம்மா அந்த அறிக்கை, மலர் எல்லாத்தையும் பெட்டியில வச்சிருந்தா. நான் ஒண்ணு விடாம வாசிச்சிருக்கேன். பாக்கியம்னு இருக்கு, அற்புதம்னு இருக்கு, சாட்சின்னு இருக்கு. கால்னு மட்டும் ஒரு எடத்துலயும் இல்ல மாமா. நீங்களாச்சும் அதைப் போடுங்க.”

போட்டிருக்கிறேன். தம்பி ஜெபசிங், மலரில் இடம் பற்றாவிட்டால் என் போட்டோவை எடுத்துவிடுங்கள், என் பேரையும் எடுத்துவிடுங்கள். எல்லாவற்றையும் வெட்டி ஒரே ஒரு வரிதான் போட முடியும் என்றால், இதைப் போடுங்கள்: பாக்கியத்தின் இரண்டு காலும் நேராகியிருக்கும், நாங்கள் கடிதத்தைப் படித்திருந்தால்.